சும்மா இருக்கத் தெரியாதவர்கள்

முட்டாள் திருடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எலுமிச்சைச் சாறு கதையை எடுத்துவிடுவார். 1995-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்தது. மெக்கார்தர் வீலர் என்ற ஆசாமி பட்டப்பகலில், முகத்தில் துணிகூடக் கட்டாமல், இரண்டு வங்கிகளில் புகுந்து கொள்ளையடித்தார். கேமராவில் பதிந்த முகத்தை டி.வி.யில் காட்டினார்கள், ஆள் சிக்கிவிட்டார். போலீஸ் அந்தப் படத்தை முன்னால் வைத்தபோது, “நான் சாறு பூசியிருந்தேனே!” என்று திகைத்தாராம். எலுமிச்சைச் சாற்றில் எழுதினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, சூடு காட்டினால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் செய்துபார்த்ததுதான். அதையே முகத்தில் பூசினால் கேமராவுக்கு முகம் தெரியாது என்பது அவர் போட்ட கணக்கு. குருட்டுத்தனமாக நம்பிவிடவும் இல்லை. சாற்றைப் பூசிக்கொண்டு போலராய்ட் கேமராவில் தன்னைத் தானே படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். படத்தில் முகம் விழவில்லையாம். கண் எரிச்சலோடு கேமராவை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாரோ!

இவரை வைத்துத்தான் டன்னிங், க்ரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையைத் தொடங்கினார்கள். ஒரு விஷயம் தெரியாதவனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதும் தெரியாது என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

எனக்கு இந்தக் கதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சிரிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதோடு சரி. குற்ற வழக்குகளைத் தேடித் தேடிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. படித்தவரையில் பார்த்தால், மாட்டிக்கொள்கிற ஆசாமிகளில் வீலர் மாதிரி ஆட்கள் அபூர்வம். நிறையப் பேர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள், சட்டம் படித்தவர்கள், வைத்தியம் பார்த்தவர்கள். வேலையைப் பிசிறில்லாமல் முடித்தும்விடுகிறார்கள். கோளாறு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சித்தப்பா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். “திருடன் எப்படி சித்தப்பா மாட்டுறான்? கைரேகையா?” என்று கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, “ராத்திரி பூரா அவன் கெட்டிக்காரன்தான்டா. விடிஞ்சதுக்கு அப்புறம்தான் முட்டாளாகுறான்” என்றார். கைரேகைக்காரர்களும் மோப்ப நாயும் வந்து போவார்கள், அது அவர்கள் பாடு. இவர் பாட்டுக்கு அடகுக்கடைப் பக்கம் போய் நிற்பாராம், டாஸ்மாக் பக்கம் போய் நிற்பாராம். நேற்றுவரை கடன் சொல்லிக் குடித்தவன் இன்றைக்கு நாலு பேருக்கு வாங்கிக் கொடுக்கிறானா? யார் புது வண்டிக்கு விலை கேட்கிறான்? எவன் திடீரென்று மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்? “களவு போன வீட்டு வாசல்ல நின்னு, ‘என்ன சார், துப்பு ஏதாவது கெடைச்சுதா’ன்னு ரெண்டு தடவை கேக்கறவன் எவனோ, அவன் பேரையும் எழுதி வச்சுக்குவேன்” என்றார்.

அந்தக் கண்ணோடு பழைய வழக்குகளைத் திரும்பப் படித்தால் வேறு மாதிரி தெரிகின்றன.

லண்டன், 1910. ஹாலி ஹார்வி கிரிப்பன் என்ற அமெரிக்க ஹோமியோபதி வைத்தியர். மனைவி கோரா மேடைப் பாடகி. ஜனவரி 31-ஆம் தேதி வீட்டில் நடந்த விருந்துக்குப் பிறகு கோராவை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்கா போய்விட்டாள் என்றார் கிரிப்பன். அப்புறம், அங்கே இறந்துவிட்டாள் என்றார். அதோடு விட்டிருந்தால் ஊர் நம்பியிருக்கும். மனுஷன் தன்னிடம் வேலைபார்த்த எத்தல் என்ற இளம்பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்து, மனைவியின் நகையைப் போட்டுவிட்டு, மனைவியின் சிநேகிதிகள் வருகிற நடன விருந்துக்கே அழைத்துப் போனார். மற்றவர் நகையைப் பெண்கள் எத்தனை தூரத்திலிருந்தும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது பாவம், அந்த வைத்தியருக்குத் தெரியவில்லை. சிநேகிதிகள் போலீசுக்குப் போனார்கள்.

ஜூலை 8-ஆம் தேதி ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் டியூ வந்தார். கிரிப்பன் கதையை மாற்றினார்: மனைவி வேறொருவனோடு ஓடிவிட்டாள், வெளியே சொன்னால் அவமானம், அதனால்தான் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். டியூ வீட்டைச் சுற்றிப் பார்த்தார், நிலவறையிலும் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சரி, பாவப்பட்ட கணவன் என்று கிளம்பிவிட்டார். விவகாரம் கிட்டத்தட்ட முடிந்தது.

மறுநாளே கிரிப்பன் எத்தலோடு கம்பி நீட்டிவிட்டார். ஏதோ ஒரு தேதியைச் சரிபார்க்க இரண்டு நாள் கழித்து வந்த டியூ, பூட்டிய வீட்டைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி மறுபடி தேடி, கடைசியில் நிலவறையின் செங்கல் தளத்தைப் பெயர்த்தார்கள். உள்ளே உடலின் மிச்சங்கள் இருந்தன.

ஓடிய ஓட்டமாவது ஒழுங்காக ஓடினாரா என்றால் அதுவும் இல்லை. ஆன்ட்வெர்ப்பில் மான்ட்ரோஸ் என்ற கப்பல் ஏறினார். மீசையை எடுத்துவிட்டார். எத்தலுக்குப் பையன் வேஷம். அப்பாவும் மகனும் கனடா போகிறார்கள் என்று கணக்கு. கப்பலின் கேப்டன் கெண்டலுக்கு அந்த அப்பா-மகனைப் பார்த்ததும் என்னவோ பட்டது. மகன் அப்பாவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மகனின் கால்சட்டை பின்பக்கம் ஊக்கு போட்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் கம்பியில்லாத் தந்தி இருந்த கப்பல்கள் கொஞ்சம்தான், மான்ட்ரோஸ் அதில் ஒன்று. கெண்டல் கரைக்குத் தந்தி அடித்தார். டியூ மான்ட்ரோஸைவிட வேகமான லாரன்டிக் கப்பலில் ஏறி, முந்திப் போய்க் கனடாவில் காத்திருந்தார். நடுவில் இருந்த நாட்களில் உலகமே பத்திரிகையில் இந்தத் துரத்தலைப் படித்துக்கொண்டிருந்தது. தெரியாதவர்கள் கப்பலில் இருந்த அந்த இரண்டு பேர் மட்டும்தான். கிரிப்பன் மேல்தளத்தில் உட்கார்ந்து தந்திக் கம்பியை அண்ணாந்து பார்த்து, என்ன அற்புதமான கண்டுபிடிப்பு என்று வியந்ததாகக் கெண்டல் பிற்பாடு சொன்னார்.

அந்த வருஷம் நவம்பரில் தூக்கு. நிலவறையில் கிடைத்தது கோராவின் உடலே இல்லை என்று 2007-ல் மரபணு சோதனை செய்த ஓர் அமெரிக்கக் குழு சொன்னது. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எது எப்படியோ, அன்றைய ஜூரிக்கு அவர் ஓடியதே பெரிய சாட்சியாக இருந்திருக்கும்.

நம் ஊர் வழக்குக்கு வருகிறேன். ஆளவந்தார் கொலை வழக்கு என்றால் எழுபது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் இன்றைக்கும் உட்கார்ந்து கதை சொல்வார்கள். ஆளவந்தார் பாரிமுனையில் பேனா வியாபாரம் பார்த்தவர், தவணைக்குப் புடவையும் விற்றவர். 1952 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். தேவகிக்குக் கல்யாணத்துக்கு முன்பு ஆளவந்தாரோடு பழக்கம், அதை வைத்து அவர் தொடர்ந்து தொந்தரவு கொடுத்தார் என்பது பின்னால் நீதிமன்றத்தில் வந்த கதை.

உடலை என்ன செய்வது? தலையைத் தனியாக எடுத்து, சட்டையில் சுற்றி, ராயபுரம் கடற்கரையில் புதைத்தார்கள். தலையில்லாத உடலை இரும்பு டிரங்குப் பெட்டியில் அடைத்து, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகிற போட் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்துக்கு அபாரமான ஏற்பாடு. போட் மெயிலில் போகிறவர்கள் பாதிப் பேர் தனுஷ்கோடியில் கப்பல் பிடித்துத் தலைமன்னார் போகிறவர்கள். எல்லோரிடமும் டிரங்குப் பெட்டி. அதில் ஒரு பெட்டி அதிகமாக இருந்தால் யார் எண்ணப்போகிறார்கள்? உடல் ஓர் ஊரில், தலை ஓர் ஊரில். கைரேகையும் புகைப்படமும் எல்லோருக்கும் இல்லாத காலத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆனால் ஆகஸ்ட் மாத வெயில் என்று ஒன்று இருக்கிறதே. மூடிய இரும்புப் பெட்டியில் உடல் எத்தனை மணி நேரம் தாங்கும்? நாற்றம் பொறுக்காமல் பயணிகள் புகார் சொல்ல, மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். இந்தப் பக்கம் ராயபுரத்தில் புதைத்த தலையைக் கடல் கிளறி வெளியே கொண்டுவந்துவிட்டது. அலைக்குப் பக்கத்தில் தோண்டினால் மணல் நிற்காது என்று காசிமேட்டுச் சின்னப் பையனைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். இரண்டையும் சென்னையில் சேர்த்துப் பார்த்துப் பொருந்துகிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தச் சோதனை இன்றும் தடயவியல்காரர்கள் பெருமையோடு சொல்கிற விஷயம்.

அப்போதும்கூட உடலும் தலையும் ஆளவந்தாருடையவை என்றுதான் தெரிந்ததே தவிர, செய்தவர் யார் என்பதற்கு அதில் விடை இல்லை. கணவரைத் தேடிக்கொண்டு ஆளவந்தாரின் மனைவி ராயபுரத்துக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். இங்கே வரவில்லை என்று பதில் வந்தது. அடுத்து போலீஸ் போனபோது வீடு பூட்டிக் கிடக்கிறது. தம்பதி பம்பாய் போய்விட்டார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்வது இதைத்தான். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, காபி கொடுத்து, ஐயோ பாவம் என்று கூடத் தேடியிருந்தால் போலீஸ் இன்னும் நாலு வீடு சுற்றியிருக்கும். பம்பாயில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் மேனனுக்கு 7 வருஷம், தேவகிக்கு 3 வருஷம் கொடுத்தார். தண்டனை இவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், நீதிமன்றத்திலும் ஊரிலும் செத்தவர் பக்கம் இரக்கம் அதிகம் இல்லை என்பதுதான்.

ஓடியவர்கள் மாட்டியதைச் சொன்னேன். ஓடாமல், எதுவுமே நடக்காதது மாதிரி நடமாடி மாட்டியவர்களும் உண்டு. 1924-ல் சிகாகோவில் லெபால்டு, லோப் என்று இரண்டு பணக்கார வீட்டுப் பையன்கள். இருவருக்கும் இருபது வயதைச் சுற்றி. லெபால்டு பறவை ஆராய்ச்சியாளன், பல மொழி படித்தவன். சாதாரண மனிதர்களுக்கான சட்டம் தங்களைப் போன்ற மேதைகளுக்குப் பொருந்தாது என்று தத்துவப் புத்தகங்களைப் படித்து முடிவு கட்டியிருந்தார்கள். அதை நிரூபிக்கவே மாதக்கணக்கில் திட்டமிட்டு, தெரிந்த வீட்டுப் பதினாலு வயதுப் பையனைக் கொன்றார்கள். உடலை ஒரு மதகுக்குள் திணித்துவிட்டு வந்தார்கள்.

லெபால்டின் கண்ணாடி அங்கே விழுந்துவிட்டது. சாதாரணச் சட்டம், சாதாரணப் பவர். ஆனால் அதன் கீல் மட்டும் தனி ரகம். அந்தக் கீல் போட்ட கண்ணாடி சிகாகோவில் மூன்றே மூன்று விற்றிருந்தது. ஒன்றுக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார், இன்னொன்றுக்குச் சொந்தக்காரியின் மூக்கின் மேலேயே அது இருந்தது. மூன்றாவது இவனுடையது. பறவை பார்க்கப் போனபோது தடுக்கி விழுந்தேன், சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கும் என்றான். எங்கே, விழுந்து காட்டு என்றார் அரசு வழக்கறிஞர். கண்ணாடியைக் கோட்டின் மேல்பையில் போட்டுக்கொண்டு அந்த மேதை அறைக்குள் தடுக்கித் தடுக்கி விழுந்து காட்டினான். கண்ணாடி பையைவிட்டு அசையவே இல்லை.

லோப் இன்னும் ஒரு படி மேலே. கொலை நடந்த பிறகு நிருபர்களோடு சேர்ந்து சுற்றி, மிரட்டல் போன் எந்த மருந்துக்கடைக்கு வந்தது என்று தேட உதவிசெய்தான். செத்த பையனைப் பற்றி, கொல்வதென்றால் அப்படிப்பட்ட திமிர் பிடித்தவனைத்தான் கொல்லவேண்டும் என்று நிருபரிடமே பேசினான். சித்தப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பேரை எழுதிக்கொண்டிருப்பார்.

கடைசியில் கதையை முடித்தவர் லெபால்டு வீட்டு டிரைவர். அன்றைக்கு லெபால்டின் காரில்தான் ஊர் சுற்றினோம் என்று இருவரும் சொல்லிவைத்திருந்தார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு டிரைவர் வந்து சொன்னார்: தம்பி மேல் தப்பு இருக்காது ஐயா, அன்றைக்கு அவர் கார் வீட்டிலேதான் நின்றது, நான்தான் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு தீர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த மனிதர்கள் இந்த டிரைவர் மாதிரியானவர்கள். துப்பறியும் மேதைகள் கிடையாது. தன் வேலையைத் தான் பார்க்கிறவர்கள், எதையாவது கவனிக்கிறவர்கள். ஆன்ட்வெர்ப் வைரக் கொள்ளையில் வருகிற மளிகைக்கடைக்காரர் இந்த வரிசையில் எனக்கு முதல் ஆள்.

2003 பிப்ரவரி. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் உலக வைர வியாபாரத்தின் மையம். குஜராத்தின் பாலன்பூர்க்காரர்கள் அங்கே கொடிகட்டிப் பறக்கிறார்கள். அங்கே வைர மையக் கட்டடத்தின் அடித்தளத்தில் பெட்டகம். காந்தப்புல உணரி, வெப்ப உணரி, நடமாட்ட உணரி, கோடிக்கணக்கான எண் சேர்க்கை கொண்ட பூட்டு என்று அடுக்கடுக்காகக் காவல். இத்தாலியின் டூரின் நகரத்துக் கும்பல் ஒன்று, வாரக் கடைசியில் இதையெல்லாம் தாண்டி உள்ளே போய் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளை உடைத்தது. ஓர் உணரியை ஏமாற்ற அவர்கள் பயன்படுத்தியது தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே. போனது 10 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். கும்பலின் தலைவன் நொட்டார்பார்த்தோலோ, வைர வியாபாரி வேஷத்தில் அதே கட்டடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் அலுவலகம் வாடகைக்கு எடுத்துத் தினமும் வந்துபோனவன். இரண்டு வருஷப் பொறுமை!

வேலை முடிந்தது. குப்பையை எரித்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. நெடுஞ்சாலை ஓரம் ஒரு சின்னக் காட்டுக்குள் போனபோது கூட இருந்தவனுக்குப் பயம் பிடித்து, மூட்டையைப் பிரித்துப் புதர்களில் வீசிவிட்டான். இருட்டில் பொறுக்க முடியவில்லை, கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் காட்டுத் துண்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர், மளிகைக்கடை வைத்து ஓய்வுபெற்றவர். தன் நிலத்தில் யாராவது குப்பை கொட்டினால் அவருக்குத் தாங்காது. ஒவ்வொரு முறையும் போலீசுக்குப் போன் போட்டு நச்சரிப்பார். போலீசும் ‘சரி ஐயா, சரி ஐயா’ என்று வைத்துவிடும். அப்படிப்பட்டவரின் நிலமாகப் பார்த்துக் கொட்டினார்கள். இந்த முறை அவர் போன் செய்து குப்பையை விவரிக்கும்போது, வைர மையம் என்று அச்சடித்த உறைகள் கிடக்கின்றன என்றும் சொன்னார். போலீஸ் பறந்து வந்தது. பாதி தின்ற சலாமி சாண்ட்விச் இருந்தது. கண்காணிப்பு கேமரா வாங்கிய ரசீது இருந்தது, அதில் நொட்டார்பார்த்தோலோவின் பெயரே இருந்தது. அத்தனை அடுக்குக் காவலைத் தாண்டியவன் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது எதற்கு? கணக்கு எழுதவா?

அவனும் இத்தாலியிலேயே இருந்துவிடவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று ஆன்ட்வெர்ப்புக்குத் திரும்பி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வந்து தலையைக் காட்டினான். அங்கேயே பிடித்துவிட்டார்கள். 10 வருஷச் சிறை. வைரத்தில் பெரும்பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

2019 அக்டோபரில் திருச்சியில் சுவரில் துளை போட்டு நகைக்கடைக்குள் போனவர்களும் திட்டத்தில் குறை வைக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, மோப்ப நாய் திணறட்டும் என்று மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போனார்கள். மறுநாள் திருவாரூரில் போலீஸ் வழக்கமான வண்டிச் சோதனை நடத்திக்கொண்டிருந்தது. ஹெல்மெட், லைசென்ஸ் பார்க்கிற சோதனைதான். பைக்கில் வந்த இரண்டு பேர் போலீசைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்கள். ஒருவன் சிக்க, பையில் கிலோக்கணக்கில் தங்கம், நகையில் கடையின் அட்டையும் பார்கோடும் அப்படியே. நின்று லைசென்ஸைக் காட்டியிருந்தால் நூறு ரூபாயோடு போயிருக்கலாம்.

சேலம் ரயில் கொள்ளை இதில் சேராது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 ஆகஸ்ட் 8 இரவு, சேலத்திலிருந்து சென்னைக்கு ரிசர்வ் வங்கிக்காக 342 கோடி ரூபாய் வந்த ரயில் பெட்டியின் கூரையை வெட்டி 5.78 கோடியை எடுத்துப் போனார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 இரவு, 500-ம் 1000-ம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கொள்ளைக்காரர்கள் வங்கி வரிசையில் ஆதாரோடு நிற்கவா முடியும்? 2018-ல் மத்தியப் பிரதேசத்துக் கும்பலை சி.பி.சி.ஐ.டி. பிடித்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய செல்போன் கோபுரங்களில் பதிவான எண்கள்தான் வழிகாட்டின.

போனில் மாட்டுவதெல்லாம் இப்போது சகஜம், இணையத்தில் மாட்டுவது அதைவிடச் சகஜம். சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை எஃப்.பி.ஐ.யும் மற்றவர்களும் வலைபோட்டுத் தேடியபோது, பெயரைக் கண்டுபிடித்தவர் ஒரு வருமான வரி அதிகாரி. செய்தது கூகுள் தேடல். 2011-ல் சந்தையைப் பற்றி முதன்முதலில் விளம்பரம் செய்த அதே புனைபெயரில், சில மாதம் கழித்து வேலைக்கு ஆள் கேட்டுத் தன் சொந்தப் பெயர் உள்ள ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தார். 2013-ல் சான் பிரான்சிஸ்கோ நூலகத்தில் பிடித்தபோது மடிக்கணினி திறந்திருந்தது, உள்ளே அவர் எழுதிவந்த நாட்குறிப்பும் இருந்தது. கள்ளச்சந்தை நடத்துகிறவருக்கு டைரி எழுதுகிற பழக்கம்!

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, குற்றவாளி எப்படியும் தவறு செய்வான், மாட்டுவான் என்று சொன்னால் அது கண்ணைக் கட்டிக்கொள்வது. நமக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டியவர்களின் கதை. மாட்டாதவன் எந்தத் தப்பைச் செய்யாமல் தப்பித்தான் என்று யார் எழுதுவது? ஒன்றை மட்டும் ஊகிக்கலாம். அவர்கள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போயிருப்பார்கள். புது வண்டி வாங்கியிருக்கமாட்டார்கள்.

டென்னிஸ் ரேடர் அப்படி இருந்தவன்தான், 13 வருஷம். அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்தில் 1974-லிருந்து 1991 வரை 10 பேரைக் கொன்றவன். ஆரம்பத்தில் தனக்குத் தானே பி.டி.கே. (கட்டு, வதை, கொல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்துக்கொண்டு பத்திரிகைக்கும் போலீசுக்கும் கடிதம் எழுதினான். ஊர் நடுங்கியது. பயந்த ஜனங்கள் வீட்டுக்கு அலாரம் மாட்டினார்கள். அலாரம் மாட்டும் கம்பெனியில் வேலைபார்த்தவர்களில் ரேடரும் ஒருவன். அப்புறம் நகராட்சியில் வேலை. யார் வீட்டுப் புல் உயரமாக வளர்ந்திருக்கிறது, யார் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்று பார்த்து அபராதம் போடுவது. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் தேவாலயம். அங்கே நிர்வாகக் குழுவின் தலைவனும் ஆனான். 1991-க்குப் பிறகு கொலையும் இல்லை, கடிதமும் இல்லை. செத்திருப்பான், அல்லது வேறு வழக்கில் உள்ளே இருப்பான் என்று போலீஸ் நினைத்தது.

2004 ஜனவரியில் முதல் கொலைகள் நடந்து 30 வருஷம் ஆனதை ஒட்டி உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் இந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார் என்றும் தெரிந்தது. தன் கதையை இன்னொருவன் எழுதுவதா? ரேடருக்குப் பொறுக்கவில்லை. மார்ச்சில் கடிதம் வந்துவிட்டது. அடுத்த ஒரு வருஷத்துக்குக் கடிதம், பொட்டலம், பொம்மை என்று ஊர் பூராவும் விட்டுவிட்டுப் போனான். போலீஸ் தரப்பில் பொறுப்பில் இருந்த லெஃப்டினன்ட் கென் லேண்ட்வேர், அவனைப் பேசவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். பத்திரிகையாளர்களைக் கூட்டி, மரியாதையான குரலில் பதில் சொன்னார்.

ஒரு நாள் அவன் ஒரு கேள்வி கேட்டான். ஃப்ளாப்பி டிஸ்கில் எழுதி அனுப்பினால் எந்தக் கம்ப்யூட்டர் என்று கண்டுபிடிக்க முடியுமா? நேர்மையாகச் சொல்லுங்கள், முடியாது என்றால் பத்திரிகையில் இப்படி ஒரு வரி விளம்பரம் கொடுங்கள். இந்தக் கேள்வியைக் கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி தானியப் பெட்டிக்குள் வைத்து, ஹோம் டிப்போ கடை வாசலில் நின்ற வண்டியின் பின்தட்டில் போட்டுவிட்டுப் போனான். வண்டிக்காரர் ஏதோ குப்பை என்று தூக்கி எறிந்துவிட்டார். பதில் வராமல் ரேடர் மறுபடி எழுதிக் கேட்டபிறகுதான் போலீஸ் தேடிப் போய்ப் பெட்டியை எடுத்தது. கூடவே கடையின் கேமராவில் கறுப்பு ஜீப் ஒன்று பதிந்திருந்ததும் கிடைத்தது. கேள்விக்குப் பதிலாக, “ரெக்ஸ், பயமில்லை” என்கிற மாதிரி ஒரு வரி பத்திரிகையில் வந்தது.

2005 பிப்ரவரி 16-ஆம் தேதி, ஊதா நிற ஃப்ளாப்பி ஒன்று டி.வி. நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்த கோப்பில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அழிக்கப்பட்டிருந்த பழைய வேர்ட் கோப்பு ஒன்றைப் போலீஸ் மீட்டது. அதன் ஓரத்தில் இரண்டு விவரம்: பதிவாகியிருந்த நிறுவனம் கிறைஸ்ட் லுத்தரன் சர்ச். கடைசியாகத் திருத்தியவர் டென்னிஸ். இணையத்தில் தேவாலயத்தின் பெயரைத் தட்டினார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் டென்னிஸ் ரேடர் என்று வந்தது. வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் கறுப்பு ஜீப் நிற்கிறது. 31 வருஷம் தேடியது சில நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. மகளின் பழைய மருத்துவப் பரிசோதனை மாதிரியிலிருந்து மரபணுவை எடுத்து ஒப்பிட்டார்கள், பொருந்தியது. பிப்ரவரி 25-ஆம் தேதி வீட்டுக்குப் போகிற வழியில் மறித்துப் பிடித்தார்கள். பிற்பாடு 10 ஆயுள் தண்டனை.

விசாரணை அறையில் ரேடருக்கு ஒரே மனக்குறைதான். தனக்கும் லேண்ட்வேருக்கும் இடையில் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது என்று அவன் நிஜமாகவே நினைத்திருந்தான். ஃப்ளாப்பியைக் கண்டுபிடிக்க முடியாது என்று என்னிடம் எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான்.

லேண்ட்வேர் சொன்னார்: “உன்னைப் பிடிக்கத்தான்.”